தினமும் ரொட்டியும் முட்டையும்

1

போன சனிக்கிழமை எனக்கு நாற்பது வயது நிறைந்தது. காலையில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால், என் மகள் அபிநயா இரண்டு கையாலும் ஓர் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நாங்கள் இருக்கும் இந்த ஜப்பான் ஊரில் எதையும் இரண்டு கையால்தான் கொடுப்பார்கள். அவளும் ஒரு மிட்டாயைக் கொடுத்தாலும் தாம்பாளம் கொடுக்கிற மாதிரிதான் கொடுப்பாள்.

அட்டையில் ஒரு கேக், ஒரு மத்தாப்பு, மீசையோடு நான். அதற்குக் கீழே தமிழ். அச்சடித்த மாதிரி மணிமணியான எழுத்து. வாசித்தேன்.

‘கரிநாள். சூலம் – கிழக்கு. பரிகாரம் – தயிர். ரிஷபம் – அலைச்சல்.’

உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்கள் அடுப்படிச் சுவரில் திருத்தங்கல்லில் அடித்த தினசரி காலண்டர் தொங்குகிறது. என்னோடு அச்சகத்தில் மிஷின் ஓட்டிய ஜெயராஜ் வருஷம் தவறாமல் அனுப்புவான். பிள்ளை அதில் என் பிறந்தநாள் தாளைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அந்தத் தேதித் தாளில் இருப்பதெல்லாம் அந்த நாளைப் பற்றி, அதாவது அப்பாவைப் பற்றி நல்லதாகத்தான் இருக்கும் என்று அவளாக முடிவு செய்து, பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள். அர்த்தம் ஒரு சொல்லுக்கும் தெரியாது. தாளில் ‘சூலம்’ பக்கத்தில் ஒரு சின்ன மைப்பொட்டு விழுந்திருந்தது. அதையும் விடவில்லை, அதே இடத்தில் வட்டமாகப் போட்டிருந்தாள்.

என் மனைவி மாரீஸ்வரி பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு பாத்திரம் கழுவுகிற பக்கம் ஓடினாள். அங்கிருந்து மெதுவாக, “என்னங்க, பிள்ளை கரிநாளுன்னு வாழ்த்தியிருக்கா, நீங்க பல்லக் காட்டிக்கிட்டு நிக்கீக?” என்றாள்.

“சும்மா இரு” என்றேன்.

நான் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் பக்கத்துப் பெரிய நகரத்தில் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கூடினோம். வந்த ஒருவர் அபியைக் கூப்பிட்டு ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். அவள் எழுத்தெழுத்தாகக் கூட்டி, தப்பும் தவறுமாக வாசித்தாள். கூடமே சிரித்தது. பாசத்தில் சிரித்ததுதான், ஆனால் எட்டு வயசுக்கு அது எப்படித் தெரியும்? அன்றைக்கு மூடிய வாய். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நின்றது. நான் தமிழில் கேட்டால் ஜப்பானிய மொழியில் பதில் வரும். ஒரு வருஷம் கழித்து அவளாகத் தொட்ட முதல் தமிழ் இந்தக் கரிநாள்தான். உண்மையைச் சொன்னால் மறுபடியும் மூடிக்கொள்வாளோ என்று பயம். சொல்லாமல் விட்டால் அவள் ஆயுசுக்கும் தமிழைப் படமாகவே வரைந்துகொண்டிருப்பாளோ என்று இன்னொரு பயம்.

அட்டையைக் காலண்டருக்குப் பக்கத்தில் செருகிவிட்டு, அவளுக்குத் தோசை வார்த்துப் போட்டேன். கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது அவள் எழுத்து இல்லை, என் எழுத்து.

2

நான் பத்தாவதைத் தாண்டாதவன். திருத்தங்கல்லில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பதினாறு வருஷம் மிஷினில் நின்றவன். வெடிக் கட்டு லேபிள், நோட்டு அட்டை, காலண்டர் என்று சீசனுக்குத் தகுந்த மாதிரி மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் லேபிள் போகாத ஊர் கிடையாது. இந்தி, வங்காளம், ஒடியா, கன்னடம் என்று எல்லா எழுத்தும் எங்கள் உருளையில் சுற்றியிருக்கிறது. அதில் ஓர் எழுத்தைக்கூட நாங்கள் வாசித்தது கிடையாது.

வாசிக்காமல் எப்படித் தப்பில்லாமல் அடிப்பது? அதற்கு எங்களுக்கு ஒரு வழி உண்டு. ஆர்டர் கொடுத்த பார்ட்டி பார்த்து ஒப்புக்கொண்ட ப்ரூஃப் தாளை இடது கையிலும் மிஷினில் வந்த தாளை வலது கையிலும் பிடிக்க வேண்டும். கொம்புக்குக் கொம்பு, சுழிக்குச் சுழி, பொட்டுக்குப் பொட்டு ஒத்துப் பார்க்க வேண்டும். வாய் அசையக் கூடாது. அசைந்தால் ஜெயராஜ் வைவான்.

“ஏலே காளி, என்னலே முணுமுணுக்க? எழுத்துன்னு நெனச்சாத்தான் கண்ணு ஓடும். படம்னு நெனச்சுப் பாரு, தப்பு தானா தெரியும்.”

அவன் சொன்னதற்குச் சாட்சியும் இருந்தது. ஒருமுறை கொஞ்சம் இந்தி தெரிந்த ஒருத்தர் ப்ரூஃப் பார்க்கிற மேஜை வேலைக்கு வந்தார். பார்ட்டி பெயரில் பிழை இருக்கிறது என்று அவராகத் திருத்திவிட்டார். அது பிழையே இல்லை, அந்தக் குடும்பம் அப்படித்தான் எழுதும். லோடு போய்ச் சேர்ந்து அப்படியே திரும்பி வந்தது. அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் மூளையைச் செருப்போடு வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வரச் சொல்வார்கள். நானும் போட்டேன். பெருமையாகத்தான் போட்டேன்.

சாயங்காலம் வேலை முடிந்து டவுன் பஸ்ஸுக்கு நின்றால், விஸ்வநத்தம், நாரணாபுரம் பக்கத்து வெடி ஆபீசுகளில், அதாவது பட்டாசுத் தொழிற்சாலைகளில் இருந்து பெண்கள் வந்து இறங்குவார்கள். எவ்வளவு கழுவினாலும் காது மடலில் வெடிமருந்துப் பொடி வெள்ளியாக மினுங்கும். எங்கள் நகக்கண்ணில் நீல மையோ சிவப்பு மையோ இருக்கும். நகத்தைப் பார்த்தே ‘இன்னைக்கு மயில் லேபிளாக்கும்?’ என்று கேட்பார்கள். இங்கே ரயிலில் எல்லோருடைய கையும் ஒரே மாதிரி சுத்தமாக இருக்கிறது. யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று ஒன்றும் தெரிய மாட்டேன் என்கிறது.

மாரீஸ்வரி வேதியியலில் முதல் ஆளாக வந்தவள். ஆராய்ச்சிப் படிப்புக்கு ஜப்பானில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அபிக்கு அப்போது மூன்று வயது. நான் வேலையை விட்டுவிட்டுக் கூடவே கிளம்பினேன். கடைசி நாள் பட்டறையில் ஜெயராஜ் என்னை விடவில்லை.

“பொண்டாட்டி படிக்கப் போறா, சரி. நீ எதுக்குலே போற?”

“பிள்ளையப் பாக்கணும்லா, சோறு பொங்கணும்லா.”

“சோறு பொங்க ஜப்பானா? இங்கன எங்களுக்குப் பொங்கிப் போட்டா பதினாறு வருசம் கும்பிட்டிருப்போமே மாப்ளே!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ் ஏறும்போது அவன் என் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தான். “பச்சை ஒட்டியிருக்குலே, அங்க போற வரைக்கும் போகாது” என்றான். போகவில்லை. ஒன்பது நாள் இருந்தது.

3

இங்கே வந்ததும் அபியைப் பிள்ளைகள் காப்பகத்தில் சேர்த்தோம். சேர்க்க எத்தனை தாள், எத்தனை முத்திரை! அதெல்லாம் மாரீஸ்வரி பார்த்துக்கொண்டாள். கடைசியில் என் கைக்கு வந்தது ஒரு நோட்டு. காலையில் பிள்ளை என்ன சாப்பிட்டாள், எத்தனை மணி நேரம் தூங்கினாள், உடம்புச் சூடு எவ்வளவு, மனசு எப்படி என்று பெற்றவர்கள் தினமும் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும். சாயங்காலம் டீச்சர் பதில் எழுதி அனுப்புவார். முதல் பக்கத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு மாதிரி அச்சடித்திருந்தது.

மாரீஸ்வரி அதை ஒருதரம் காட்டி, “இந்தா பாருங்க, இந்த மாதிரி எழுதணும்” என்று சொல்லிவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாள்.

இந்த மாதிரி என்றால் இந்த மாதிரிதானே? எனக்கு ப்ரூஃப் கொடுத்தாகிவிட்டது. தேதியை மட்டும் மாற்றி, மீதியை ஒரு கோடு பிசகாமல் அடித்தேன். மூன்று வாரம் தினமும் அதே பக்கம். காப்பகத்து மோரி டீச்சர் நோட்டைப் பார்த்து, எழுத்து அழகு என்று கையால் காட்டினார். எனக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

நாலாவது வாரம் ஒருநாள். காலையில் அபி இட்லியைத் தொடவில்லை. தொட்டுப் பார்த்தால் லேசாகக் கதகதப்பு. போகப் போகச் சரியாகும் என்று நினைத்தேன். டீச்சரிடம் சொல்ல ஆசை, வாயில் ஒரு சொல் கிடையாது. அதனால் நோட்டை எழுதி, முதுகில் பையை மாட்டி, விட்டுவிட்டு வந்தேன்.

பதினொரு மணிக்குக் காப்பகத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போன் போயிருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது மாரீஸ்வரி பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ஈரத்துணி. மோரி டீச்சர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மாரீஸ்வரி முகம் செத்துப்போயிருந்தது.

வெளியே வந்ததும் கேட்டாள். “தினமும் என்ன எழுதியிருக்கீகன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“நீ காட்டுனதத்தான்.”

“ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டா. நல்லாத் தூங்குனா. சூடு முப்பத்தாறரை. உற்சாகமா இருக்கா. இன்னைக்கும் அதேதான். அவுக பிள்ளை நல்லா இருக்கான்னு நம்பி வெயில்ல விளையாட விட்டிருக்காக.”

நான் நோட்டையே பார்த்தேன். ஒரு சுழி பிசகவில்லை.

“நீங்க அடிச்சது லேபிள் இல்லங்க, பிள்ள” என்றாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர் குடும்பங்களுக்கு ஜப்பானிய மொழி வகுப்பு இருப்பதாக ஒரு தாளை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். என் பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு வரி, நிஜமான வரி, அந்த நோட்டில் எழுதிவிட்டால் போதும். அதற்குமேல் இந்த மொழி எனக்கு ஒன்றும் தர வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

4

முப்பத்து நாலு வயதில் முதல்முறையாகப் பல்கலைக்கழக வாசலில் கால் வைத்தேன். பேண்டுக்குள் சட்டையை விட்டுக்கொண்டு போனேன்.

அலுவலகத்தில் ஒரு படிவம். ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று ஜப்பானிய மொழியில் நாலு வரி எழுத வேண்டும். தெரியாதவர்கள் விட்டுவிடலாம். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு மாதிரிப் படிவம் இருந்தது. பழக்கம் லேசில் விடுமா? கை அதுபாட்டுக்கு அடித்துக் கொடுத்துவிட்டது. அங்கே இருந்த அம்மாள் என் எழுத்தைப் பார்த்து வியந்து, என்னை நேராக இரண்டாம் நிலை வகுப்புக்கு அனுப்பிவிட்டார்.

மூன்று வகுப்பைத் தலையை ஆட்டியே ஓட்டினேன். நாலாவது வகுப்பில் ஓனோ சென்செய் என்னிடம் ஏதோ கேட்டார். சென்செய் என்றால் ஆசிரியர். என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண். நான் தலையை ஆட்டினேன். மறுபடி கேட்டார். மறுபடி ஆட்டினேன். அவர் என் பக்கத்தில் வந்து குனிந்து, என் நோட்டில் நான் எழுதியிருந்த முதல் எழுத்தின்மேல் விரலை வைத்து, வாசியுங்கள் என்பது போலப் பார்த்தார். எனக்கு அந்த முதல் எழுத்தே தெரியாது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. சிரிக்கவில்லை. மறுநாள் கூட்டிப்போய், ஒன்றுமே தெரியாதவர்களுக்கான வகுப்பில் உட்கார வைத்தார். அதற்கும் அவர்தான் ஆசிரியர்.

அங்கே ஒரு சீனத்து அம்மா, பிரேசில் தம்பதி ஒன்று, என் பக்கத்தில் வங்கதேசத்து ருக்சானா. சென்செய் எனக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டார். நான் எழுதும்போது புத்தகம் மூடியிருக்க வேண்டும். புத்தகத்தை மூடினால் எனக்குக் கை விறைத்துவிடும். எல்லோரும் கோணல்மாணலாக எழுதுவார்கள், நான் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் மாதம், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று சென்செய் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். என்னிடம் வந்தார். நான் எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன்.

“ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுந்தேன். “இல்லை” என்றேன். நேற்று சாப்பிட்டது ரசம். ரசத்துக்கு என்ன சொல்வது? தெரிந்த இரண்டு சொல்லைச் சேர்த்து, “புளிப்புத் தண்ணீர்” என்றேன். சென்செய் முகம் சுருங்கியது. “ஐயோ, உடம்புக்கு என்ன?” என்றார். ருக்சானா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த ஊருக்கு வந்து நான் சொன்ன முதல் நிஜம் அந்தப் புளிப்புத் தண்ணீர்தான்.

இடைவேளையில் ருக்சானா எங்கள் ஊர் எது என்று கேட்டார். வெடி ஊர் என்றேன். வங்காள எழுத்தில்கூட லேபிள் அடித்திருக்கிறேன் என்று பீற்றிக்கொண்டு, நோட்டில் ஒரு வரியை எழுதிக் காட்டினேன். கட்டின் ஓரத்தில் சின்னதாக வரும் வரி. ஒரு சீசனில் அச்சுப் பிளேட் அடிக்கடி தேய்ந்து, ஒத்துப் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்குள்ளேயே பதிந்துபோன வரி.

ருக்சானா அதை வாய்விட்டு வாசித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வரைந்த படம் பேசுகிறது! அர்த்தத்தைக் கொஞ்சம் ஆங்கிலமும் கொஞ்சம் ஜாடையுமாகச் சொன்னார். கையைத் தாழ்த்திப் பிள்ளைகள் உயரம் காட்டினார். வெடியைக் கொடுப்பது போல நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினார்.

சின்னப் பிள்ளைகளிடம் தனியாகக் கொடுக்காதீர்கள்.

எத்தனை வருஷம், எத்தனை லோடு! அந்த வரியை ஒரு நாளும் நான் கேட்டதில்லை. ருக்சானா பெருமையாகக் கட்டை விரலை உயர்த்தினார். எனக்கு அபியின் நெற்றியில் கிடந்த ஈரத்துணிதான் கண்ணில் நின்றது.

5

அதுவரைக்கும் காப்பக நோட்டை மாரீஸ்வரி எழுதினாள். மூன்றாம் மாதம் ஒரு காலையில் அபி காரணமில்லாமல் அழுதாள். மாரீஸ்வரி கிளம்பிப் போயிருந்தாள். நான் நோட்டை எடுத்தேன். மாதிரி இருந்த முதல் பக்கத்தை ஒரு கிளிப் போட்டு மூடினேன். அரை மணி நேரம் ஆனது.

‘அபி சாப்பிடவில்லை. அழுதாள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.’

எழுத்து அத்தனை அசிங்கம். ஒரு கொம்பு ஏறி, ஒரு வால் இறங்கி, கோட்டுக்கு மேலேயும் கீழேயுமாக. ஜெயராஜ் பார்த்திருந்தால் தாளைக் கிழித்துப் போட்டிருப்பான். அப்படியே இரண்டு கையாலும் மோரி டீச்சரிடம் நீட்டினேன்.

சாயங்காலம் வந்த பதில் வழக்கமான நெருக்கமான எழுத்தில் இல்லை. முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதுவது போல, எளிய எழுத்தில், சொல்லுக்குச் சொல் இடம் விட்டு, பெரிதாக எழுதியிருந்தார் மோரி டீச்சர். வாசலிலேயே நின்று, விரலை வைத்து, நானே வாசித்தேன்.

‘அபியின் அப்பா, முதல்முறையாக உங்களைப் படித்தேன். மதியம் அபி இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாள். ஏன் என்று எனக்கும் தெரியவில்லை.’

வாசித்து முடித்து நிமிர்ந்தால் டீச்சர் கதவருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் மாறி மாறிக் குனிந்து வணங்கினோம். எத்தனை முறை என்று எண்ணவில்லை. அபி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

6

இப்போது நான் இங்கேயே ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். வாயை அசைத்துக்கொண்டுதான் ஒத்துப் பார்க்கிறேன். மேஸ்திரி ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பழகிவிட்டது.

பிறந்தநாள் அன்று மதியம் ஜெயராஜுக்குப் போன் போட்டு அட்டையைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பக்கம் மிஷின் சத்தத்துக்கு நடுவில் கத்தினான்.

“கரிநாளா? சரியாத்தாம்லே சொல்லியிருக்கா! கிழக்க போகாதன்னு காலண்டரு போட்டிருக்கு, நீ அம்புட்டுத் தொலவு கிழக்க போயி உக்காந்திருக்க!”

“மைப்பொட்டயும் போட்டிருக்கா மாப்ளே.”

மிஷினை விட்டு விலகி வந்தான் போல, சத்தம் குறைந்தது. பிறகு, “அது நம்ம ரெண்டாம் மிஷினு பொட்டுலே” என்றான். குரல் இறங்கியிருந்தது. “அதையும் விடலயா? நம்ம பிள்ளைலே.” அப்புறம் கேட்டான், “படிக்கச் சொல்லிக் குடுத்தியா?”

படிக்காதே என்று எனக்குச் சொன்னவன் இதைக் கேட்கிறான்.

போனை வைத்துவிட்டு அலமாரியின் அடியில் இருந்து அந்தப் பழைய காப்பக நோட்டை எடுத்தேன். அபியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். ஜப்பானிய எழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாசித்தாள். பக்கம் திருப்பினாள். வாசித்தாள். புருவம் ஏறியது.

“அப்பா, தினமும் ரொட்டியும் முட்டையுமா? நான் இட்லி தானே சாப்பிட்டேன்?” என்று அவள் மொழியில் கேட்டாள்.

சொன்னேன். மாதிரிப் பக்கத்தையும் சொன்னேன், காய்ச்சலையும் சொன்னேன், புத்தகத்தை மூடினால் கை விறைத்ததையும் சொன்னேன். புளிப்புத் தண்ணீருக்கு அவள் தரையில் உருண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள். சுவரில் செருகியிருந்த தன் அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“அப்பா. இதுல என்ன இருக்கு?”

தமிழில் கேட்டாள்.

அட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். “நாள் சரியில்ல. கிழக்க போகாத. போயே ஆகணும்னா தயிர் சாப்பிட்டுட்டுப் போ. உனக்கு இன்னைக்கு ஒரே அலைச்சல்.”

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுப்படியில் குழாய் நின்றது. மாரீஸ்வரியும் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அபி அட்டையின்மேல் குனிந்தாள். பிறகு, “எது தயிர்?” என்றாள்.

காட்டினேன். மூன்று எழுத்தையும் வாய் அசைத்துக் கூட்டினாள். அட்டையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நடுவில் இரண்டு தரம் கதவைத் திறந்து, “ட எப்படி?” “க்கா எப்படி?” என்று கேட்டுக் காற்றில் எழுதிக் காட்டச் சொல்லிவிட்டு, மறுபடி சாத்தினாள். மாரீஸ்வரி என்ன நடக்கிறது என்று சைகையில் கேட்டாள். தெரியாது என்று சைகையில் சொன்னேன்.

வெளியே வந்து, அட்டையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். கொம்பு ஏறி, வால் இறங்கி, கோணல்மாணலாக ஒரு வரி.

‘எனக்கு தயிர் பிடிக்காது.’

காப்பக வாசலில் மோரி டீச்சர் முன்னால் நின்ற அன்றைக்கு மாதிரியே எனக்குக் குனியத் தோன்றியது. குனிந்தேன். அவளும் குனிந்தாள். பிறகு பென்சிலை வாங்கி, அதற்குக் கீழே, சொல்லுக்குச் சொல் இடம் விட்டு, பெரிய எழுத்தில் பதில் எழுதிக் கொடுத்தேன்.

‘ரொட்டியும் முட்டையும் தரவா?’